ஜூனில் ஒன்றாம் வகுப்பு: கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி?

உங்கள் தெருவிலோ பக்கத்துக் குடியிருப்பிலோ நான்கைந்து வயதுப் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அப்பா சித்தாள் வேலைக்கோ பெயின்ட் அடிக்கவோ போகிறவர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், இல்லையென்றால் பூ கட்டி விற்கிறார். வருகிற ஜூனில் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும். அதற்கு உதவ நினைக்கிறீர்கள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

முதலிலேயே ஒன்று. ‘அ, ஆ’ எழுத வைப்பதில் தொடங்காதீர்கள். எழுத்தைக் கற்றுத்தர ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இருக்கிறார். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பாடம் நடத்துகிறது. எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் வாயைத் திறக்கவே பயப்படும் பிள்ளை, ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, காது சரியாகக் கேட்காததை யாரும் கவனிக்காத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க முப்பது பேரை வைத்திருக்கும் ஆசிரியரால் முடிவதில்லை. அந்த வேலையைத்தான் நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

பால்வாடியில் தொடங்குங்கள்

ஜனவரி, பிப்ரவரியிலேயே உங்கள் பகுதி அங்கன்வாடிக்குப் போய்விடுங்கள். ஊரில் அதைப் பால்வாடி என்பார்கள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் இருக்கின்றன. அங்கே இருக்கும் டீச்சருக்கும் ஆயாவுக்கும் அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகப் போகிறது, யார் எடை குறைவு, எந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்றெல்லாம் அவர்களிடம் கணக்கு உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டு நீங்களாக ஒரு ‘வகுப்பு’ ஆரம்பித்தால் போட்டிக் கடை போட்டதாகத்தான் படும். “டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு நான் என்ன ஒத்தாசை பண்ணலாம்?” என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னும் பால்வாடிக்கே போகாமல் வீட்டிலிருக்கும் பிள்ளையைக் கண்டால், ஜூனுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றாலும் அங்கே சேர்த்துவிடுங்கள். இரண்டு வயது முடிந்தாலே போதும். மதியச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கும். அதோடு, அம்மாவை விட்டுச் சில மணி நேரம் இருக்கப் பழகுவதே பள்ளிக்கான பாதித் தயாரிப்பு.

இதில் இன்னொரு பிள்ளையும் அடக்கம். பல வீடுகளில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எட்டு, ஒன்பது வயது அக்காவைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள். சின்னது பால்வாடிக்குப் போனால் பெரியவளும் பள்ளிக்குப் போவாள். ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

காகித வேலை

சலிப்பான வேலைதான். ஆனால் படித்தவர் ஒருவர் கூட நின்றால் இதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் கூலி போகும். அதனால்தான் பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். அதை அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பதிவு ஆகியிருக்கும், பெயர் மட்டும் சேர்த்திருக்க மாட்டார்கள். பதிவாகி ஓராண்டு வரை பெயரை இலவசமாகச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பே பதிவாகவில்லை, ஓராண்டும் தாண்டிவிட்டது என்றால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் ஜனவரியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை உட்பட எல்லாவற்றிலும் பிறந்த தேதியைக் காட்டும் ஆவணம் இந்தச் சான்றிதழ்தான் என்று சட்டமே மாறிவிட்டது. அதனால் இப்போது கைக்குழந்தையாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே கேட்டுவையுங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நிதானமாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். ஒன்றாம் வகுப்பில் என்ன பதிகிறதோ அதுவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரைக்கும் போகும். அதற்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு. இப்போதே ஒன்றாக்கிவிட்டால் பதினேழு வயதில் அந்தப் பிள்ளை கல்லூரி வாசலில் நின்று அழ வேண்டியிருக்காது.

சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர் குடும்பங்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் அலைவது உண்டு. அது வரும் வரை பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கத் தேவையில்லை, சேர்த்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம்.

எந்தக் காகிதமும் இல்லையென்றால்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: வயதுச் சான்று இல்லை என்று காரணம் காட்டி எந்தப் பிள்ளையின் சேர்க்கையையும் மறுக்கக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. யாராவது திருப்பி அனுப்பினால் சண்டைக்குப் போகாமல் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். அதற்கும் நகரவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எந்தப் பள்ளி?

ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது.

பெற்றோர் உங்களிடம் கட்டாயம் கேட்கும் கேள்வி, “தனியார்ல போட்டா நல்லா வருவானா?” என்பதுதான். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நகையை அடகு வைத்தும் குழுக் கடன் வாங்கியும் தெருமுனை ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்து, இரண்டாம் ஆண்டு கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நிறுத்துகிற கதை ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறது. அந்தப் பணத்தைப் பிள்ளையின் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டு அரசுப் பள்ளியில் சேர்ப்பது எவ்வளவோ மேல். புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அங்கே இலவசம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. மதியம் முட்டையோடு சத்துணவு. பெண் பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இதையெல்லாம் விளம்பரம் மாதிரி அடுக்க வேண்டாம், கேட்கும்போது சொன்னால் போதும்.

அதற்காக எல்லா அரசுப் பள்ளியும் ஒரே தரம் என்று சொல்லிவிட முடியாது. பிப்ரவரியில் ஒரு நாள் இரண்டு மூன்று அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஒன்றாம் வகுப்புக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்றாவது முக்கியம். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு நிசப்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். எல்.கே.ஜி. வயதுப் பிள்ளை என்றால், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள அங்கன்வாடிகளில் 2019இல் 2,381 இடங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சிலர் தனியார் பள்ளிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பார்கள். அவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் கட்டணமின்றித் தரும் 25 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. நலிந்த பிரிவில் கேட்கிறவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025இல் ஒன்றிய அரசின் நிதி வராமல் இழுத்துக்கொண்டே போய் அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதனால் இதை மட்டும் நம்பி அரசுப் பள்ளி இடத்தை விட்டுவிடக் கூடாது. கட்டணம் இல்லையென்றாலும் வேன், புத்தகம், விழா என்று கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துவிடுங்கள்

ஐந்து வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசி ஒன்று இருக்கிறது. ஒன்றரை வயதோடு ஊசி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் இலவசமாகப் போடுவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையை விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

கண்ணையும் காதையும் நீங்களே மேலோட்டமாகப் பார்க்கலாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் கூப்பிட்டும் திரும்பவில்லையென்றால் காதைக் காட்ட வேண்டும். காதில் சீழ் வடிவது இந்தப் பகுதிகளில் சாதாரணமாகக் காணும் விஷயம். “சளி, தானாப் போயிடும்” என்று விட்டுவிடுவார்கள். பல மாதம் வடிந்தால் கேட்கும் திறன் குறையும், கேட்காத பிள்ளைக்குப் பேச்சும் வராது, அப்புறம் பள்ளியில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிக்கொள்ளும். கண்ணும் அப்படித்தான். படத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலோ தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

பிறவிக் குறைபாடு, ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் இவற்றையெல்லாம் பார்க்க அரசின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை வர வேண்டும். எப்போது வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு, அன்றைக்கு உங்கள் பிள்ளைகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு வயதாகியும் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு உதவும் இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்க வேண்டாம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேர்க்கைக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

பேச்சு, பேச்சு, பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஏழு மணிக்குத் திரும்பும் அம்மாவால் பிள்ளையிடம் என்ன பேச முடியும்? “வா, சாப்பிடு, படு, சும்மா இரு.” பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உடம்பில் தெம்பு இருக்காது. ஆனால் பள்ளி கேட்பது வேறு வகைப் பேச்சு: நடந்ததைச் சொல்வது, ஏன் என்று விளக்குவது, கண்ணுக்கு முன் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது. அதற்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் வேலை கேட்பது. “நேத்து என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “தண்ணி லாரி வந்துச்சு” என்பான். அதோடு விடாமல் இரண்டாவது கேள்வி போடுங்கள். “வந்ததும் அம்மா என்ன பண்ணாங்க?” “குடத்த எடுத்துக்கிட்டு ஓடுனாங்க.” “நீ?” “நான் சின்னக் குடம் எடுத்தேன்.” “அப்புறம்?” இந்த ‘அப்புறம்’ இருக்கிறதே, அதுதான் உங்கள் பாடப்புத்தகம். நாலு ‘அப்புறம்’ தாண்டிவிட்டால் அது ஒரு கதை. அதை மற்ற பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

பூ கட்டும் வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். அம்மா மடியில் மல்லிகை குவிந்து கிடக்கும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிரண்டாக எடுத்துக் கொடுக்கும். அம்மா அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு வைத்து நாரைச் சுற்றி இழுப்பார். ஒரு கண்ணிக்கு நாலு பூ. மலர்ந்துவிட்டதைத் தனியே ஒதுக்குவார். கட்டியதை முழங்கையில் வைத்து அளந்து முழம் போடுவார். எண்ணுவது, இரட்டையாகச் சேர்ப்பது, பிரித்து ஒதுக்குவது, அளப்பது என ஒன்றாம் வகுப்புக் கணக்கில் பெரும்பகுதி அந்தத் திண்ணையில் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் புதிதாக எதுவும் கொண்டுபோக வேண்டாம். அம்மாவிடம், “கட்டும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கக்கா, அவளையும் எண்ணச் சொல்லுங்க, எது மொட்டு எது மலர்ந்ததுன்னு கேளுங்க” என்றால் போதும். வேலையும் நிற்காது. ஒவ்வொரு வீட்டுத் தொழிலிலும் இப்படி ஒன்று கிடைக்கும். காய்கறி வண்டியில் நிறமும் எடையும், இஸ்திரிக் கடையில் மடிப்பும் அடுக்கும். “உங்க வேலையே பிள்ளைக்குப் பாடம்” என்று கேட்ட அம்மா அடுத்த முறை உங்களிடம் பேசும் விதமே மாறியிருக்கும்.

எண்ணிக்கையில் ஒன்று மட்டும். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொன்னால் விழிப்பது உண்டு. பத்து வரை பொருளோடு எண்ணத் தெரிந்தால் போதும். பல்லாங்குழி கிடைத்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது.

கதை தினமும் ஒன்று சொல்லுங்கள். நரியும் காக்கையும் போதும், புதுமை வேண்டாம். ஒரே கதையை ஒரு வாரம் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது சலிக்காது. ஐந்தாம் நாள் நடுவில் நிறுத்தினால் அவர்களே முடிப்பார்கள். படப் புத்தகம் வாங்கக் காசு இல்லையென்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. செல்போனில் காட்டுவதை விட அச்செடுத்துத் தைத்துக் கையில் கொடுப்பது நல்லது. எந்தப் பக்கம் திறப்பது, எங்கிருந்து எங்கே படிப்பது என்பதையே இந்தப் பிள்ளைகளில் பலர் முதல் முறையாகப் பார்ப்பார்கள்.

எழுத்துக்கு முன்னால் ஒலி வர வேண்டும். மாடு, மாமா, மாங்காய்: எல்லாம் எதில் தொடங்குகிறது? ‘மா’வில் தொடங்கும் இன்னொன்று சொல். இதைப் பாய் விரித்து உட்கார்ந்துதான் நடத்த வேண்டும் என்பதில்லை, நடந்துகொண்டே விளையாடலாம். பிறகு குறிலும் நெடிலும்: கல், கால். பல், பால். படம், பாடம். நீட்டிச் சொன்னால் கையை விரி, குறுக்கிச் சொன்னால் கையை மூடு. இந்த விளையாட்டை ஒரு மாதம் ஆடிய பிள்ளைக்குத் துணைக்கால் எதற்கு என்று ஆசிரியர் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள். “வூட்டாண்ட குந்திக்கினு இருந்தேன்” என்று சொன்னால், “ஓ, வீட்டுக்கிட்ட உட்கார்ந்திருந்தியா? யாரு கூட?” என்று நீங்கள் உங்கள் விதத்தில் சொல்லி மேலே போங்கள். பேசும்போதெல்லாம் தப்பு என்று கேட்ட பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகள் இருந்தால் அந்த மொழியில் பத்துச் சொல்லையாவது நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், பசி, வலி, அம்மா வருவார்: இவை போதும். அவர்கள் தமிழைப் பிடிக்க நாலு மாதம் ஆகலாம். அதற்குள் பயந்துபோய் ஒதுங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கைக்கு வலு

பென்சிலைப் பிடிக்க விரலில் வலு வேண்டும். களிமண் உருட்டுவது, சப்பாத்தி மாவு பிசைவது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது, துணிக்கு கிளிப் போடுவது எல்லாம் அதற்கான பயிற்சி. வாசலில் கோலப்பொடியால் புள்ளி வைத்து இழுக்கச் சொல்லுங்கள், பையன்களையும் சேர்த்து. நேர்க்கோடு, வளைவு, சுழி எல்லாம் கோலத்திலேயே வந்துவிடும். அதன் பிறகு சிலேட்டும் பலப்பமும். கிரேயான் கொடுத்தால் உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். நீளமானதை முஷ்டியில் பிடிப்பார்கள், சின்னத் துண்டை விரல் நுனியில்தான் பிடிக்க முடியும்.

புள்ளிக் கோட்டின் மேல் ஐம்பது முறை ‘அ’ எழுத வைக்கும் நோட்டுகளைத் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

கழிப்பறையும் தட்டும்

ஒரே அறை வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் கழிப்பறை புதிது. பள்ளியில் பயந்து அடக்கிக்கொண்டு, வகுப்பிலேயே நனைத்துவிட்டு, மறுநாளிலிருந்து வர மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். மே மாதத்தில் இதற்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். “டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்” என்று சத்தமாகச் சொல்ல நடித்துப் பழகட்டும். தாழ்ப்பாளைப் போட்டு எடுக்க, தண்ணீர் ஊற்ற, சோப்புப் போட்டுக் கை கழுவக் கற்றுக்கொடுங்கள். சீருடைக் கால்சட்டைக்குக் கொக்கியோ பட்டனோ இருக்கும். அதைத் தானே கழற்றி மாட்ட வர வேண்டும்.

தட்டைத் தானே ஏந்தி வரிசையில் போய் வாங்கி, சிந்தாமல் உட்கார்ந்து சாப்பிட்டு, கழுவி வைக்கட்டும். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். தன் முழுப் பெயர், அம்மா அப்பா பெயர், தெரு, ஒரு போன் நம்பர், இந்த நான்கையும் கேட்ட உடனே சொல்ல வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் தெரியாவிட்டால் பிள்ளை தொலைந்தே போகும்.

உங்கள் கூட்டத்தை நடத்துவது

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தினமும் ஒரே இடம், ஒரே ஒழுங்கு: வந்ததும் கை கழுவல், பேச்சு, விளையாட்டு, கதை, சுண்டலோ கடலை மிட்டாயோ, வீடு. மரத்தடி போதும், ஆனால் நாலு பேர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் அந்தத் தெருப் பெண்ணாக இருப்பது நல்லது. எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கும் நிலை வரக் கூடாது. பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். ஏழைப் பிள்ளையின் முகம் உங்கள் சேவைக்கு விளம்பரம் ஆகிவிடக் கூடாது. ஏதாவது தப்பு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் 1098க்குக் கூப்பிடுங்கள்.

ஜூன் வந்தாச்சு

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் பிள்ளைகளோடு அந்த வழியில் இரண்டு முறை நடந்து போங்கள். கேட்டையும் குழாயையும் காட்டுங்கள். முடிந்தால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரை ஒரு நிமிடம் பார்த்துப் பேசட்டும். ராத்திரி பதினோரு மணி வரை டி.வி. ஓடும் வீட்டில், தூங்கும் நேரத்தை மே மாதக் கடைசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். காலை உணவு பள்ளி மணிக்கு முன்பே போடுவதால் நேரத்துக்குப் போனால்தான் கிடைக்கும்.

வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: “சேட்டை பண்ணா டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்வேன்.” இதை நிறுத்தச் சொல்லுங்கள். அடிப்பவர் இருக்கும் இடத்துக்கு எந்தப் பிள்ளை ஆசையாகப் போகும்? பள்ளியில் அடிப்பதைச் சட்டமும் தடை செய்கிறது.

முதல் வாரம் அம்மாவோ அப்பாவோ அரைநாள் கூலியை விட முடிகிறதா என்று முன்பே பேசிவையுங்கள். முடியாத வீட்டுக்குப் பாட்டியோ நீங்களோ போகலாம். விடும்போது ஏமாற்றி நழுவக் கூடாது. “சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மணி அடிச்சதும் வருவேன் கண்ணு” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சொன்னபடி மணி அடிக்கும்போது வாசலில் நிற்கவும் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வாரத்தில் அழுகையை நிறுத்திவிடும். அதற்கு மேலும் அழுதால் வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, கழிப்பறைப் பயமா, உடம்பு சரியில்லையா என்று தேட வேண்டும்.

ஜூலையிலும் வாரம் ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போங்கள். தொடர்ந்து மூன்று நாள் பிள்ளை போகவில்லை என்றால் காரணம் கேளுங்கள். பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அனுப்புங்கள். அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கும் உரிமை அந்த அம்மாவுக்கு இருக்கிறது.

சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் கிளம்பிவிடும். போகும் ஊர் எது என்று டிசம்பரிலேயே கேட்டு, தலைமையாசிரியரிடம் பிள்ளையின் எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) எழுதி வாங்கி அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள். அந்த எண் இருந்தால் அங்கிருக்கும் அரசுப் பள்ளியில் சேர்ப்பது எளிது. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லிச் சேர்க்க மறுக்கவோ தள்ளிப்போடவோ கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, 14417 எண்ணையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.